“படத்தில் ஒன்றும் இல்லை” என்றால் என்ன பொருள்? வாய்ப்புற்றுநோயில் எக்ஸ்ரேயின் இடம்

பதிவு 1: அம்மாவின்_மகள்

மருத்துவம் அறிந்தவர்கள் பலர் இங்கே இருப்பதால் இதை எழுதுகிறேன். 62 வயதான என் அம்மாவுக்குக் கீழ்த்தாடையின் வலப்பக்கம், கடைவாய்ப்பல்லை ஒட்டிய ஈற்றில், நாக்குப் பக்கமாக ஒரு புண் வந்து ஆறாமலே இருந்தது. பல்லும் இலேசாக ஆடியதால் ஒரு பல் மருத்துவரிடம் சென்றோம். அவர் இரண்டு தாடைகளையும் சேர்த்துக் காட்டும் ஓபிஜி படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, “படத்தில் ஒன்றும் இல்லை, எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஈறு வீக்கம்தான்” என்று சொல்லி, வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்து அனுப்பினார். அந்தச் சொல்லை நம்பி ஏழு வாரங்கள் இருந்துவிட்டோம். பிறகு பார்த்த வேறொரு மருத்துவர் கையுறை அணிந்த விரலால் புண்ணின் ஓரத்தை மெல்ல அழுத்திப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றே ஓரத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார். செதிள் செல் புற்றுநோய் என்று முடிவு வந்திருக்கிறது.

இப்போது சிடி ஸ்கேன், மார்புப் படம், மறுபடியும் ஓர் ஓபிஜி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் மனத்தில் இருப்பவை மூன்று கேள்விகள். அந்த முதல் படம் பொய் சொன்னதா, அல்லது படித்தவர் தவறவிட்டாரா? எக்ஸ்ரேயில் இந்த நோய் தெரியாது என்றால், இப்போது மட்டும் ஏன் இத்தனை படங்கள்? ஏற்கெனவே புற்றுநோய் உள்ள ஒருவருக்கு இவ்வளவு கதிர் செலுத்துவது தீங்காகாதா?

பதிவு 2: கருப்பு_வெள்ளை

அம்மா விரைவில் நலம் பெற வேண்டும் என்று முதலில் சொல்லிக்கொள்கிறேன். வாய், தாடைப் படங்களைப் படிப்பதுதான் என் அன்றாட வேலை. அதனால் முதல் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் அம்மாவின் படம் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அது சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எடுத்துக்கொண்டதில்தான் பிழை இருக்கிறது. வாயில் வரும் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் வாயின் உட்பரப்பை மூடியிருக்கும் தோல் போன்ற படலத்திலிருந்து தொடங்குபவை. அந்தப் படலமும், அதிலிருந்து முளைக்கும் கட்டியும், அதைச் சுற்றியுள்ள தசையும், உமிழ்நீரும் எக்ஸ்ரேக்கு ஏறக்குறைய ஒன்றுதான், அவற்றிடையே படத்தில் நிற வேறுபாடு எழாது. வில்ஹெல்ம் ரான்ட்கன் 1895 டிசம்பரில் தம் மனைவியின் கையை எடுத்த படத்தை நினைத்துப் பாருங்கள்: எலும்பும் மோதிரமும் அழுத்தமாகத் தெரிகின்றன, சதை ஒரு மூட்டம் போலத்தான் தெரிகிறது. சாதாரணப் பல் எக்ஸ்ரேயும் இன்றுவரை அதே கதைதான். கால்சியம் இருக்கும் இடத்தை அது காட்டும், இல்லாத இடத்தைப் பற்றி ஏறத்தாழ ஒன்றும் பேசாது.

ஆகவே ஈற்றிலோ, நாக்கிலோ, கன்னத்தின் உட்பக்கத்திலோ இருக்கும் புண் புற்றுநோயா என்று எக்ஸ்ரேயிடம் கேட்பது, பேச்சு வராதவரிடம் வழி கேட்பது போன்றது. அந்தக் கேள்விக்கு விடை சொல்வது கண்ணும் விரலும் பயாப்ஸியும்தான். இரண்டு வாரம், மிஞ்சிப் போனால் மூன்று வாரத்துக்குள் ஆறாத புண்ணுக்கு, அதன் ஓரம் தடித்தோ கெட்டியாகவோ இருந்தால், படம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அது ஏழு வாரம் தள்ளிப்போனது என்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

எலும்பு பாதிக்கப்பட்ட பின்னரும் அது உடனே படத்தில் தெரிந்துவிடாது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓர் இடத்தில் உள்ள தாதுப்பொருளில் 30 முதல் 50 விழுக்காடு வரை கரைந்த பிறகே சாதாரணப் படத்தில் கருமை தென்படத் தொடங்கும். தாடை எலும்புக்கு வெளியே ஓடு போன்ற கெட்டியான புறணியும் உள்ளே சல்லடை போன்ற பஞ்செலும்பும் உண்டு. 1961-இல் வெளியான ஓர் ஆய்வில், இறந்தவர்களின் தாடை எலும்பை எடுத்து, புறணியைத் தொடாமல் உள்ளே இருக்கும் பஞ்செலும்பை மட்டும் குடைந்து படமெடுத்துப் பார்த்தார்கள். குடைந்த பள்ளம் படத்தில் தெரியவே இல்லை, புறணியைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. நாக்குப் பக்கப் புறணியை நோய் அரித்திருந்தாலும், கன்னப் பக்கப் புறணி முழுமையாக இருந்தால், அதன் வெண்மை முன்னால் விழுந்து பின்னால் உள்ள அரிப்பை மறைத்துவிடும். உங்கள் அம்மாவின் புண் நாக்குப் பக்கத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள்.

பதிவு 3: இருட்டறை

நான் படம் எடுக்கும் தொழில்நுட்பர். படச்சுருளைக் கழுவிய காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். மேலே எழுதிய மருத்துவர் ஐயா சொன்னதோடு எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சேர்க்கிறேன்.

ஓபிஜி என்பது நின்ற இடத்தில் நின்று எடுத்த புகைப்படம் அன்று. நோயாளி சிறு பிளாஸ்டிக் கட்டையின் பள்ளத்தை முன்பற்களால் கடித்துக்கொண்டு நிற்க, குழாய் ஒரு பக்கமும் உணரி மறுபக்கமுமாகத் தலையைச் சுற்றி வருகின்றன. பின்லாந்தைச் சேர்ந்த பாட்டேரோ வகுத்த முறை இது. குதிரை லாட வடிவத்தில் ஒரு வளைவான பட்டைக்குள் வருபவை மட்டும் தெளிவாக விழும். அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் கலங்கிப்போகும். முன்பற்கள் இருக்கும் இடத்தில் அந்தப் பட்டை மிகவும் குறுகலாக இருக்கும், போதாததற்குக் கழுத்து முதுகெலும்பின் நிழல் வேறு நடுவில் வந்து விழும். நோயாளி ஒரு விரற்கடை முன்னால் நின்றாலும் முன்பற்கள் மெலிந்து கலங்கிவிடும். அதனால் தாடையின் நடுப்பகுதியில் உள்ள அரிப்பை ஓபிஜியில் தவறவிடுவது மிக எளிது.

வலியோடு வருகிறவர்கள் கட்டையைச் சரியாகக் கடிக்க மாட்டார்கள், அவர்கள் மேல் குற்றமில்லை. நாக்கை அண்ணத்தில் ஒட்டி வைக்கச் சொன்னால், நாக்கில் புண் உள்ளவர் எப்படி வைப்பார்? வைக்காவிட்டால் மேல்தாடை வேர்களின் மேல் ஒரு காற்றுப்பட்டை கருப்பாக விழுந்து எலும்பையே மறைக்கும். படத்தின் தரத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் யாராவது நினைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

பதிவு 4: மூன்றாமாண்டு

பல் மருத்துவம் படிக்கும் மாணவன் நான். பெரியவர்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஒரு மயக்கம் ஏற்படுகிறது. வாய்ப்புற்றுநோயில் எலும்பு பூச்சி அரித்தது போல் தெரியும், பற்கள் காற்றில் மிதப்பது போல் நிற்கும் என்றுதான் எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். தேர்விலும் அதைத்தான் எழுதுகிறோம். எக்ஸ்ரே இவ்வளவு தாமதமாகத்தான் காட்டும் என்றால், அந்த அடையாளங்களைக் கற்பதால் என்ன பயன்? ஆறாத புண்ணோடு வருகிறவருக்குப் படமே வேண்டாம் என்று முடிவு செய்துவிடலாமா?

பதிவு 5: கருப்பு_வெள்ளை

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தம்பி. படத்தை எதற்காகக் கேட்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும் என்கிறேன். நோய் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. நோய் எலும்பைத் தொட்டிருக்கிறதா, எவ்வளவு தூரம், எந்த விதத்தில் என்பது இன்னொரு கேள்வி. எக்ஸ்ரே இரண்டாவதற்கு உரியது. ஆம் என்று அது சொன்னால் நம்பலாம், இல்லை என்று சொன்னால் இன்னும் தேட வேண்டும்.

நீங்கள் படிக்கும் அடையாளங்களை முற்றிய நிலையின் பட்டியலாக மட்டும் பார்க்காதீர்கள். நல்ல வெளிச்சப் பெட்டியில், ஒரு பல்லின் சிறுபடத்தை உருப்பெருக்கியோடு வைத்துப் பாருங்கள். வேரைச் சுற்றி ஊசியால் வரைந்தது போல ஒரு வெள்ளைக் கோடும், அதற்கும் வேருக்கும் நடுவே மயிரிழை அளவுக்கு ஒரு கருப்பு இடைவெளியும் இருக்கும். வெள்ளைக் கோடு பல் குழியின் உட்சுவர், கருப்பு இடைவெளி பல்லைக் குழியோடு கட்டியிருக்கும் நார். ஈற்றில் தொடங்கிய புற்றுநோய் அந்த நாரின் வழியே இறங்கும்போது, இடைவெளி ஒரு பக்கத்தில் மட்டும் ஒழுங்கில்லாமல் அகலும், வெள்ளைக் கோடு அந்த இடத்தில் நூல் அறுந்தது போல் நின்றுவிடும். பக்கத்துப் பற்கள் எல்லாம் உறுதியாக இருக்க, காரை படிந்த தடயம் கூட இல்லாமல், ஒரே ஒரு பல் மட்டும் ஆடினால் அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள். சாதாரண ஈறு நோய் பெரும்பாலும் பல பற்களைத் தொட்டுப் பல ஆண்டுகளில் எலும்பைக் குறைக்கும். ஒரு பல்லின் எலும்பு சில வாரங்களில் போனால் அது ஈறு நோயின் நடை அன்று.

இன்னொரு சூழ்நிலையையும் மனத்தில் வையுங்கள். ஆடும் பல்லைப் பிடுங்குகிறார்கள், குழி ஆறவில்லை, உள்ளிருந்து சதை பொங்கி வருகிறது. குழி ஆறுவது தாமதமாகிறது என்று மருந்து வைத்துக்கொண்டே போகிறார்கள். படத்தில் குழியின் சுவர்கள் கூர்மை இழந்து கரைந்திருந்தால், அது குழியின் குறை அன்று, பல் ஆடியதற்கான காரணமே வேறாக இருந்திருக்கிறது. பல் பிடுங்கிய குழி புற்றுநோய் எலும்பின் ஆழத்துக்குள் நுழையத் திறந்துவிட்ட கதவாகிவிடும். பொங்கும் சதையைச் சுரண்டி எறியாமல் பயாப்ஸிக்கு அனுப்புங்கள்.

அரிப்பின் வடிவமும் பேசும். எலும்பின் மேல்விளிம்பில் கிண்ணம் போலக் குழிந்து, ஓரம் ஓரளவு தெளிவாக இருந்தால், கட்டி எலும்பைத் தள்ளிக்கொண்டு முன்னேறுகிறது என்று பொருள். ஓரம் என்று ஒன்றே இல்லாமல், விரல் விரலாகக் கருமை உள்ளே இறங்கி, நடுநடுவே எலும்புத் தீவுகள் மிஞ்சியிருந்தால், அது ஊடுருவிப் பரவும் வகை. இரண்டாவது வகையில் நோய் படத்தில் தெரிவதைத் தாண்டியும் போயிருக்கும், விளைவும் மோசமாக இருக்கும். கீழ்த்தாடை நரம்பு செல்லும் குழாயின் இரண்டு வெள்ளைக் கோடுகளையும் முனையிலிருந்து முனை வரை பின்தொடர்ந்து பாருங்கள். ஒரு கோடு இடையில் மறைந்து, கீழுதடு மரத்துப்போனதாக நோயாளியும் சொன்னால், நரம்பு வரை நோய் வந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும். மேல்தாடையில் அதே கவனத்தைக் கன்னக்குழியின், அதாவது மேல்தாடைக்குள் இருக்கும் காற்றறையின், தரைக்கோட்டுக்குக் கொடுங்கள்.

“மிதக்கும் பல்” என்ற சொல்லை மாணவர்கள் விரும்பி எழுதுகிறார்கள். சுற்றிலும் எலும்பே இல்லாமல், கருமையின் நடுவில் ஒரு பல் தனியாக நிற்கும் படத்தை நான் பார்க்கும்போதெல்லாம், அந்த நோயாளி இதற்கு எத்தனை மாதம் முன்பு யாரிடமாவது வாயைத் திறந்து காட்டியிருப்பார் என்றுதான் தோன்றும்.

பதிவு 6: அறுவை_அரங்கு

வாய், தாடை அறுவைச் சிகிச்சை செய்கிறவன் என்ற முறையில் அந்த மகளின் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். நோய் என்ன என்பது தெரிந்துவிட்டது, பிறகும் ஏன் இத்தனை படங்கள்? கத்தியை எங்கே வைப்பது என்று எனக்குச் சொல்வதற்காகத்தான், அம்மா.

ஈற்றில் உள்ள கட்டி எலும்பைத் தொடவில்லை, அல்லது மேற்புறணியை மட்டும் உரசியிருக்கிறது என்றால், தாடையின் மேல்விளிம்பை மட்டும் வெட்டியெடுத்துவிட்டுக் கீழ்விளிம்பைத் தொடர்ச்சியாக விட்டுவிடலாம். குறைந்தது ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்காவது எலும்பு மிஞ்ச வேண்டும், இல்லையென்றால் பின்னாளில் மெல்லும்போதே முறிந்துவிடும். நோய் பஞ்செலும்புக்குள் இறங்கிவிட்டது என்றால், தாடையின் அந்தத் துண்டையே முழு உயரத்துக்கு எடுத்தாக வேண்டும். அப்போது பெரும்பாலும் காலின் சிம்பெலும்பை அதன் இரத்தக் குழாயோடு எடுத்து வைத்துத் தாடையை மறுபடியும் கட்டுவோம். நோயாளியின் முகத்துக்கும் உணவுக்கும் பேச்சுக்கும் இந்த இரண்டு அறுவைகளுக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. அந்த முடிவைச் சில மில்லிமீட்டர்கள் தீர்மானிக்கின்றன.

நோயின் கட்டத்தைக் குறிப்பதிலும் எலும்புக்கு இடம் உண்டு. 2018 முதல் நடைமுறையில் வந்த எட்டாம் பதிப்பு வகைப்பாட்டில், புறணியைத் துளைத்து உள்ளே போன கட்டி, அளவில் சிறியதாக இருந்தாலும், டி4ஏ என்ற முற்றிய வரிசையில் சேர்க்கப்படும். ஆனால் ஈற்றில் தொடங்கிய கட்டி எலும்பையோ பல் குழியையோ மேலோட்டமாக அரித்திருப்பது மட்டுமே அந்த வரிசைக்குப் போதாது. அறிக்கையில் “எலும்பு அரிப்பு உள்ளது” என்ற மூன்று சொற்களோடு நிறுத்திவிடுகிறவர்களிடம் நான் எப்போதும் கேட்பது இதுதான்: மேலோட்டமா, ஊடுருவியா? நாக்குப் பக்கமா, கன்னப் பக்கமா? நரம்புக் குழாய் வரை எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்?

ஒரு செய்தியில் மட்டும் மேலே எழுதிய மருத்துவரோடு சற்றே வேறுபடுகிறேன். ஓபிஜியின் குறைகளை மட்டும் படித்துவிட்டு யாரும் அதை ஒதுக்கிவிடக் கூடாது. தாடையின் உயரத்தையும், மிஞ்சும் எலும்பின் அளவையும், மற்ற பற்களின் நிலையையும் ஒரே பார்வையில் காட்டும் படம் வேறு இல்லை. பெருக்கம் 20 முதல் 30 விழுக்காடு வரை இருக்கும் என்பதால் அளவுகோலை நேரடியாக வைக்கக் கூடாது, அவ்வளவுதான். பற்கள் இல்லாத முதியவர்களில் தாடை தேய்ந்து, நரம்புக் குழாய் மேல்விளிம்புக்கு வெகு அருகில் வந்திருக்கும். அவர்களுக்குக் கட்டி சிறியதாக இருந்தாலும் விளிம்பை மட்டும் வெட்டும் வாய்ப்பு இருக்காது என்பதை ஓபிஜியே சொல்லிவிடும்.

ஆனால் நாக்குப் பக்கப் புறணிக்கு சிடியைத்தான் நம்புகிறேன். மெல்லிய அடுக்குகளாக எடுத்து, எலும்புக்கு ஒரு முறையும் சதைக்கு ஒரு முறையும் கருமை வெண்மையை மாற்றிப் பார்த்தால், மேற்படிந்த நிழல்களின் தொல்லை போய்விடுகிறது. அயோடின் மருந்தைச் செலுத்தி எடுக்கும்போது கழுத்து நெறிகளும், அதாவது நிணநீர் முடிச்சுகளும், தெரியும். தாடைக்குக் கீழேயும் கழுத்தின் மேற்பகுதியிலும் உள்ள நெறிகளில்தான் வாய்ப்புற்றுநோய் முதலில் தங்கும். நெறி பெரியதாக இருப்பதை விட, அதன் நடுப்பகுதி அழுகியது போல் கருத்தும் ஓரம் மட்டும் ஒளிர்ந்தும் இருப்பது எனக்கு அதிகக் கவலை தரும் அடையாளம். மார்புப் படமும் அதே வரிசையில் வருவதுதான். தொலைவுக்குப் பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் முதலில் போகும்.

பதிவு 7: இருட்டறை

அறுவை மருத்துவர் ஐயா சிடியைப் பற்றி எழுதியதால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மகளுக்கு இது நேரடியாகப் பயன்படும்.

வாயை மூடிக்கொண்டு சும்மா படுத்தால், கன்னத்தின் உட்பக்கம் ஈற்றோடு ஒட்டிக்கொண்டுவிடும். ஸ்கேனில் இரண்டும் ஒரே சதையாகத் தெரியும், கட்டி கன்னத்தில் தொடங்கியதா ஈற்றில் தொடங்கியதா என்று பிரிக்க முடியாது. அதனால் உதட்டை இறுக மூடிக்கொண்டு, பலூன் ஊதுவது போலக் கன்னத்தை உப்பி, சில நொடிகள் அப்படியே பிடிக்கச் சொல்வோம். காற்று நடுவே புகுந்து இரண்டையும் பிரித்துவிடும். காற்றுக்கு மிகக் கருமையான நிழல் என்பதால் கட்டியின் விளிம்பு கத்தியால் கீறியது போலத் தெரியும். முன்தினமே கண்ணாடி முன் நின்று அம்மாவைப் பழகச் சொல்லுங்கள். மூச்சு மூக்கால் போய் வர வேண்டும், விழுங்கக் கூடாது. வலியால் முடியாவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடட்டும், வேறு வழி பார்ப்பார்கள்.

பல்லில் உலோக அடைப்போ தொப்பியோ இருந்தால் அங்கிருந்து வெள்ளைக் கீற்றுகள் சிதறிப் படத்தைக் கெடுக்கும். கழற்றக்கூடிய பல் செட்டைக் கழற்றிவிட வேண்டும். கழற்ற முடியாதவை இருந்தால், வாயைத் திறந்தபடி இன்னொரு முறை எடுத்துக் கீற்றுகளை வேறு தளத்துக்கு நகர்த்துவோம். அயோடின் மருந்து செலுத்துமுன் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைக் கேட்பார்கள், சிறுநீரகத்தின் நிலையை அறிவதற்காக. முன்பு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பதிவு 8: மூன்றாமாண்டு

நன்றி ஐயா, என் மயக்கம் பெரும்பகுதி தெளிந்துவிட்டது. ஒரே ஒரு சிறு ஐயம். இப்போது பல இடங்களில் கூம்புக் கற்றை சிடி இருக்கிறது. கதிர் குறைவு, எலும்பு நுணுக்கமாகத் தெரிகிறது. அதை மட்டும் எடுத்தால் போதாதா?

பதிவு 9: கருப்பு_வெள்ளை

புறணி அரிப்பைப் பார்ப்பதற்கு அது மிக நல்ல கருவி, ஓபிஜியை விடப் பன்மடங்கு மேல். ஆனால் சதையின் வேறுபாடுகளை அதில் பார்க்க இயலாது. கட்டியின் ஆழமும் நெறிகளும் தெரியாது. எலும்பைத் தொட்டதா என்ற ஒரே கேள்விக்கு மட்டும் விடை வேண்டுமானால் எடுக்கலாம், சிகிச்சையைத் திட்டமிட அது மட்டும் போதாது. நாக்கின் கட்டிக்கும், எலும்பு மச்சையில் பரவியதற்கும், நரம்பு வழியே ஊர்ந்ததற்கும் எம்ஆர்ஐ வேண்டும். எம்ஆர்ஐயோ பல்லடி வீக்கத்தையும் சில வேளைகளில் புற்றுநோய்ப் பரவல் போலக் காட்டிவிடும். ஆகவே ஒன்றை மற்றொன்று திருத்த வேண்டியிருக்கிறது.

பதிவு 10: பல்லும்_கதிரும்

கதிர்ச்சிகிச்சைப் பிரிவோடு சேர்ந்து பணியாற்றும் பல் மருத்துவர் நான். மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை.

பூமியிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர் இயற்கையாகவே வந்து சேர்கிறது. ஓர் ஓபிஜியில் வருவது பெரும்பாலும் 0.03 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு, அதாவது சில நாட்களின் இயற்கைக் கதிர். கழுத்து சிடி அதை விடப் பல மடங்கு, ஏறக்குறைய ஓராண்டு இயற்கைக் கதிரின் அளவிலோ சற்று மேலோ இருக்கும். தேவையில்லாமல் எடுப்பது எப்போதும் தவறுதான். ஆனால் தாடையை வெட்டுவதா காப்பதா என்று முடிவு செய்ய வேண்டிய இடத்தில் அந்த அளவைக் கண்டு தயங்குவது நோயாளிக்கு நன்மை செய்யாது. பிறகு கதிர்ச்சிகிச்சை தேவைப்பட்டால், நாளொன்றுக்கு 2 கிரே (உடலில் படியும் கதிரின் அலகு) வீதம் 30 நாள் அமர்வுகளில் 60 கிரே வரை நோயுள்ள இடத்துக்கே செலுத்துவார்கள். படமெடுக்கும் கதிரை அதன் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது.

அந்தச் சிகிச்சைக்கு முன்பு இன்னோர் ஓபிஜி கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. அதிகக் கதிர் பட்ட தாடையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும், காயம் ஆறும் திறன் போய்விடும். பிறகு அங்கே ஒரு பல்லைப் பிடுங்கினால் குழி மூடாமல் எலும்பு வெளியே தெரிந்து மாதக்கணக்கில் அழுகலாம். மேல்தாடையை விடக் கீழ்த்தாடையில் இது அதிகம். அதனால் காப்பாற்ற முடியாத பற்களை முன்கூட்டியே கண்டுபிடித்து, சிகிச்சை தொடங்குவதற்குக் குறைந்தது 10 முதல் 14 நாட்களுக்கு முன்பு, முடிந்தால் மூன்று வாரம் முன்பு, எடுத்துவிட வேண்டும். வேரடியில் சீழ்ப்பை இருக்கிறதா, புதைந்த வேர்த்துண்டு இருக்கிறதா என்று வாய்க்குள் பார்த்து அறிய முடியாது. இங்கே எக்ஸ்ரேக்கு நிகராக வேறொன்றும் இல்லை.

ஓராண்டு, ஈராண்டு கழித்து வரும் சிக்கலையும் சொல்ல வேண்டும். கதிர் பட்ட எலும்பு நலிந்து அரிபட்டாலும், நோய் திரும்பி வந்து அரித்தாலும், படத்தில் இரண்டும் ஒரே போலத்தான் இருக்கும்: ஒழுங்கற்ற கருமை, நடுவே பிரிந்து கிடக்கும் எலும்புத் துண்டுகள். சதைத் திரட்சி கூடவே இருந்தால் ஐயம் நோயின் பக்கம் சாய்கிறது. அந்த நேரத்தில் கைகொடுப்பது, தொடக்கத்தில் எடுத்த படமும் சிகிச்சை முடிந்தபின் எடுத்த படமும் பக்கத்தில் இருப்பதுதான். ஆகவே எந்தப் படத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பதிவு 11: அம்மாவின்_மகள்

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். அம்மா முந்தைய நாள் மாலை முழுவதும் கண்ணாடி முன் நின்று கன்னத்தை உப்பிப் பழகினார். ஸ்கேன் எடுக்கும்போது இரண்டாவது முறையில் சரியாக வந்துவிட்டது என்று அங்கிருந்தவர்கள் பாராட்டினார்கள்.

அறிக்கையில் நாக்குப் பக்கப் புறணியில் 6 மில்லிமீட்டர் நீளத்துக்கு மேலோட்டமான அரிப்பு, பஞ்செலும்பு பாதிக்கப்படவில்லை, நரம்புக் குழாயின் சுவர் முழுமையாக உள்ளது, அதற்கும் அரிப்புக்கும் இடையே 9 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள். வலப்பக்கத் தாடைக்குக் கீழே ஒரு நெறி ஐயத்துக்குரியது. மார்பு தெளிவாக இருக்கிறது.

பழைய ஓபிஜியையும் எடுத்துச் சென்றேன். புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து மருத்துவர் எனக்குக் காட்டினார். இரண்டாவது கடைவாய்ப்பல்லின் பின்வேரை ஒட்டிய வெள்ளைக் கோடு பழைய படத்திலேயே ஒரு சிறு தொலைவுக்கு இல்லை. “தெரிந்த பிறகு பார்ப்பதால் தெரிகிறது” என்றார். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். ஆனால் நான் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்விளிம்பை மட்டும் எடுத்துத் தாடையைக் காப்பாற்ற முயல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அரங்கில் எலும்புறையைப் பிரித்துப் பார்த்த பிறகு திட்டம் மாறலாம் என்றும் எச்சரித்திருக்கிறார்கள். அது ஏன் என்று யாராவது சொல்ல முடியுமா?

பதிவு 12: அறுவை_அரங்கு

நீங்கள் எழுதிய அளவுகள் நம்பிக்கை தருகின்றன. திட்டம் மாறலாம் என்று அவர்கள் முன்கூட்டியே சொன்னது நேர்மையான பேச்சு. எலும்பின் மேல் ஒட்டியிருக்கும் உறையை அரங்கில் மெல்ல உரித்துப் பார்க்கும்போது, அது சுலபமாக விலகி, கீழே எலும்பு மழமழப்பாக, பளபளப்பாக இருந்தால் படம் சொன்னது சரி. ஓர் இடத்தில் உறை பிடித்துக்கொண்டு வர மறுத்து, எலும்பு சொரசொரப்பாக இருந்தால், ஸ்கேனுக்கு எட்டாத அளவில் நோய் அங்கே நுழைந்திருக்கிறது என்று கொண்டு வெட்டும் எல்லையை விரிப்போம். வெட்டியெடுத்த எலும்பையும் தாது நீக்கி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கெட்டியான பொருள் என்பதால் அந்த முடிவு வரச் சில நாட்கள், சில வேளை இரண்டு வாரம் கூட ஆகும். தாமதத்தைக் கண்டு கலங்க வேண்டாம்.

ஐயத்துக்குரிய நெறி இருப்பதால் அந்தப் பக்கத்துக் கழுத்து நெறிகளையும் அதே அறுவையில் எடுப்பார்கள். கதிர்ச்சிகிச்சை தேவையா என்பது நுண்ணோக்கி முடிவைப் பொறுத்தது. அதற்கு முன்பே மற்றப் பற்களைப் பற்றிப் பல் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், எடுக்க வேண்டியவை இருந்தால் இதே மயக்க மருந்தில் எடுத்துவிடலாம். அறுவை நாளன்று அந்தப் பழைய ஓபிஜியையும் மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.